சீசாவில் உறைந்த மார்கழி

கொடைக்கானல்காரர்கள் உறைபனி பற்றிப் பேசட்டும். புதுக்கோட்டைச் சீமையில் எங்களுக்கு வெள்ளையாய் உறைந்தது தேங்காய் எண்ணெய்தான். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது கட்டியாகிவிடும். மார்கழி விடியலுக்கு அந்தக் குளிர் தாராளம்.

குறுகிய கழுத்துச் சீசாவில் ஈர்க்குச்சியை விட்டுக் குடைவோம். அப்பத்தா அதை அடுப்போரம் வைத்துவிட்டு வாசலுக்குக் கோலம் போடப் போய்விடும். முதலில் ஓரம் இளகும். நடுவில் மெழுகுத்தண்டு மாதிரி ஒன்று அசையாமல் நிற்கும். அது உருகும்வரை யார் பொறுப்பது? குச்சியில் வந்ததை உச்சியில் அப்பிக்கொண்டு வெயிலில் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் காதோரம் வழியும்.

மார்கழியானாலும் மேகம் மூடிய இரவில் பனி அவ்வளவாக இறங்காது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால்தான் மண் தன் சூட்டை மேலே விட்டுக் குளிரும். கண்மாய்க்கரைப் புல் நனையும், சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூவுக்குள் துளி தேங்கும். கஜா புயல் 2018-இல் எங்கள் சீமையின் கீரமங்கலம் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தது. ஆனால் பனியை அதனால் என்ன செய்ய முடியும்?

இப்போது எண்ணெய்க்குப் பிளாஸ்டிக் டப்பா. மார்கழியில் அமுக்கினால் வருவதில்லை. வீட்டில் ஈர்க்குச்சி தேடுகிறேன். இருப்பதோ பிளாஸ்டிக் துடைப்பம்.