சிக்குன்குனியா: தற்செயலா, தேர்வா?

மாறிய வைரஸ் ஒன்று வேகமாகப் பரவினால், அந்த மாற்றம்தான் அதற்குப் பலம் கொடுத்தது என்று உடனே முடிவுகட்டுகிறோம். ஜப்பானிய மரபியலாளர் மோட்டூ கிமுரா 1968-இல் இந்த அவசரத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். மூலக்கூறு அளவில் நிலைத்துவிடும் மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையோ தீமையோ செய்யாமல் தற்செயலாக நிலைத்தவை என்றார். இதுவே நடுநிலைக் கோட்பாடு. பயன் தரும் மாற்றங்களை இயற்கை பொறுக்கி எடுப்பதே முதன்மை என்பது தேர்வுக் கோட்பாடு. இவ்விரண்டையும் உரசிப் பார்க்க, 2006-இல் மதுரை வட்டாரத்தையும் மூட்டுவலியில் முடக்கிய சிக்குன்குனியாவே போதும்.

அதன் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 11,800 எழுத்துகள். நோயாளிக்கு நோயாளி தென்படும் எழுத்து வேறுபாடுகளில் பெரும்பகுதி புரதத்தை மாற்றுவதே இல்லை. கெடுதலான மாற்றங்கள் கழிந்துபோகின்றன. அதைக் கிமுராவும் மறுக்கவில்லை. எஞ்சுபவற்றைப் பொறுத்தவரை நடுநிலைக் கோட்பாட்டின் கையே ஓங்கியிருக்கிறது.

தேர்வுக் கோட்பாட்டின் வலுவான சான்று ஒற்றை இடத்தில் இருக்கிறது. வைரஸின் மேலுறையில் உள்ள இ1 புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வாலின் வந்தது. கொள்ளைநோய் பரவிய ரீயூனியன் தீவில் 2005-இன் தொடக்கத்தில் இல்லாத இந்த மாற்றம், சில மாதங்களில் பெரும்பாலான மாதிரிகளில் காணப்பட்டது. இது மட்டும் நிரூபணம் ஆகாது. கொள்ளைநோயின் முன்வரிசையில் தற்செயலாக நின்ற வைரஸும் அப்படிப் பெருகலாம். ஆனால், அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றிச் செய்த ஆய்வகச் சோதனை 2007-இல் வெளிவந்தது. மாறிய வைரஸ் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் புலிக்கொசுவைப் பல மடங்கு எளிதாகத் தொற்றியது. கேரளத்தில் 2006-இல் இல்லாத அதே மாற்றம், புலிக்கொசு மிகுந்த ரப்பர்த் தோட்டங்கள் கொண்ட அம்மாநிலத்தில் 2007-இல் தனியாகத் தோன்றியது. தற்செயல் ஒரே விடையை இப்படித் திரும்பத் திரும்பத் தராது.

இத்தோடு தேர்வுக் கோட்பாடு வென்றுவிட்டதா? இல்லை. மதுரை கே.கே. நகர் போன்ற நகர்ப்பகுதிகளில் தண்ணீர் டிரம்மிலும் தொட்டியிலும் வளரும் ஏடிஸ் ஈஜிப்தி கொசுவில் அந்த மாற்றத்தால் பெரிய ஆதாயம் கிடையாது. 2006-இல் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்த அலைக்கு அந்த மாற்றமே தேவைப்படவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் நெடுங்காலம் உலவிய ஆசிய வகையின் கதை இன்னும் கூர்மையானது. அதன் இ1 புரதத்தில் 98-ஆம் இடத்தில் முன்பே அமைந்துவிட்ட ஒரு வேறுபாடு, 226-இல் வரும் மாற்றத்தின் பலனை முடக்கியது. ஆகவே புலிக்கொசு சூழ்ந்திருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த வழி திறக்கவில்லை. பழைய வரலாறு போட்ட எல்லைக்குள்தான் தேர்வு வேலை செய்ய முடிந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது: நடுநிலையைத் தொடக்க அனுமானமாகக் கொள்ள வேண்டும், தேர்வு என்று சொல்பவரே நிரூபிக்க வேண்டும். வேகமாகப் பரவியது என்பது நிரூபணம் அல்ல. தனித்தனி இடங்களில் மீண்டும் தோன்றியதும், சோதனையில் பலன் தெரிந்ததும் சேர்ந்தால்தான் நிரூபணம். எந்தக் கொசு, எந்த மூதாதை என்று சொல்லாமல் ஒரு மாற்றத்தை நடுநிலை என்றோ ஆதாயம் என்றோ அழைப்பது பொருளற்றது.