மரியாவைக் காணாத மரியா படம்

2024 டிசம்பர் 6 அன்று, திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில், ‘மேரி’ என்னும் திரைப்படம் நெட்ஃபிளிக்ஸ் வழியே வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. இயக்கியவர் டி. ஜே. கருசோ. மரியாவாக நோவா கோஹன், யோசேப்பாக இதோ டாகோ, ஏரோதுவாக ஆந்தனி ஹாப்கின்ஸ். மரியாவாக நடித்தவர் எந்த நாட்டவர் என்பது பற்றி அப்போது எழுந்த சர்ச்சைக்குள் நான் போகவில்லை. அது படத்திற்கு வெளியே உள்ளது. என் ஏமாற்றம் படத்திற்கு உள்ளே.

அன்னையைப் பற்றிய படமாயிற்றே, அதைக் குறை சொல்லலாமா என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. மூக்குக் கோணிய சுரூபத்தைப் பீடத்தில் ஏற்ற எந்தப் பங்கும் சம்மதியாது. திரைப்படத்திற்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

விவிலியத்தில் இல்லாததைக் காட்டிவிட்டார்கள் என்பது பலருடைய குற்றச்சாட்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. சுவக்கின் பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்ததும், சிறுமி மரியா ஆலயத்தில் ஒப்படைக்கப்பட்டதும் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’யிலிருந்து வந்தவை. திருமுறையில் சேராத நூல்தான் அது. ஆயினும் நவம்பர் 21-இல் மரியாவின் அர்ப்பணத்தையும், ஜூலை 26-இல் சுவக்கின், அன்னம்மாள் நினைவையும் திருஅவை கொண்டாடுகிறதே! மரபு திறந்து வைத்த வாசல் வழியாகக் கலைஞன் நுழைவதில் தவறில்லை. நுழைந்தபின் அவன் என்ன கண்டான் என்பதே கேள்வி.

தன் கதை நமக்குத் தெரியாது என்று மரியாவே சொல்வதாகப் படம் தொடங்குகிறது. பெரிய வாக்குறுதி. நாமும் நிமிர்ந்து உட்காருகிறோம். ஆனால் அடுத்து வருவது ஏரோதுவின் கதை. அவனுடைய அரண்மனை, அவனுடைய அச்சம், அவனுடைய வீரர்கள். மரியா துரத்தப்படுகிறாள், மறைக்கப்படுகிறாள், காப்பாற்றப்படுகிறாள். சாத்தானும் மனித உருவில் வந்து போகிறான். எல்லாம் அவளைச் சுற்றி நடக்கின்றன. அவளுக்குள் நடப்பது மட்டும் தெரியவில்லை. ஹாப்கின்ஸ் பெருங்கலைஞர், முதுமையும் சந்தேகமும் அரித்த கொடுங்கோலனை நம் கண்முன் நிறுத்திவிடுகிறார். தொல்லையே அங்குதான். படம் முடிந்த பின்னும் நெஞ்சில் நிற்கும் முகம் ஏரோதுவின் முகம்!

லூக்கா எழுதியதைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். வானதூதரின் வாழ்த்தைக் கேட்டு மரியா கலங்குகிறாள், இது எத்தகைய வாழ்த்தோ என எண்ணிப் பார்க்கிறாள், கேள்வி கேட்கிறாள், அதன் பிறகே இசைகிறாள். ஒரு சிற்றூர்ப் பெண்ணின் மனம் சில வரிகளுக்குள் எவ்வளவு தொலைவு நடக்கிறது! நடந்தவற்றையெல்லாம் அவள் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தாள் என்று பின்னர் இரண்டு இடங்களில் அவர் குறிப்பிடுகிறார். சிந்திக்கும் பெண்ணைத் திரையில் காட்டுவது கடினம்தான். அந்தக் கடினத்தை ஏற்பதற்காகத்தானே அவள் பெயரையே படத்திற்குச் சூட்டினார்கள்? யோசேப்புக்கும் இதே கதி. நற்செய்திகளில் ஒரு வார்த்தைகூடப் பேசாத அந்த நீதிமானின் போராட்டம், சட்டத்திற்கும் இரக்கத்திற்கும் நடுவில் நிகழ்ந்தது. இங்கே தீயும் வாளும் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இறைநம்பிக்கை அற்றவராக அறியப்பட்ட பசோலினி 1964-இல் ‘மத்தேயு நற்செய்தி’யைப் படமாக்கினார். தொடக்கத்தில் கருவுற்ற ஓர் இளம்பெண்ணின் முகம். எதிரே யோசேப்பின் முகம். பேச்சே இல்லை. அவர் திரும்பி நடந்து போகிறார். அந்த மௌனத்தில் இருவருடைய துயரமும் நமக்குப் புரிந்துவிடுகிறது. அதில் இளம் மரியாவாக வந்த பெண்ணின் குடும்பப் பெயரும் கருசோ என்பது ஒரு வேடிக்கை. அப்படத்தை வத்திக்கான் 1995-இல் வெளியிட்ட சிறந்த படங்களின் பட்டியலில் சேர்த்தது.

வீட்டுத் திரையில் மௌனம் செல்லாது, கையில் உள்ள ரிமோட் உடனே வேறு படத்திற்குத் தாவிவிடும், ஆகவேதான் இத்தனை ஓட்டம் என்று வாதிடலாம். அதே நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ‘தி டூ போப்ஸ்’ இதற்கு மறுப்பு. அதிலும் ஹாப்கின்ஸ்தான், பதினாறாம் பெனடிக்டாக நடித்தார். இரண்டு முதியவர்கள் தோட்டத்தில் அமர்ந்து பேசுகிறார்கள், மன்னிப்பைக் குறித்தும் தனிமையைக் குறித்தும். அவ்வுரையாடல் பெரும்பாலும் கற்பனை. எனினும் நாம் எழுந்து போகவில்லை. ஆகவே குறை ஊடகத்தினுடையதன்று. பார்ப்பவர் மீது நம்பிக்கை வைக்காத படைப்பாளியினுடையது.

மொராக்கோவின் மலைகளும் மண்சுவர்களும் கண்ணுக்கு விருந்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் மறைக்கல்வி மாணவருக்கு ஒரு படம் காட்ட விரும்பும் ஆசிரியர்கள், 2006-இல் வெளிவந்த ‘தி நேட்டிவிட்டி ஸ்டோரி’யைத் தேடிப் பார்க்கட்டும். அதுவும் குறையற்றதன்று, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் சாயல் அதில் உண்டு. ஆனால் பெத்லகேமுக்குப் போகும் வழியில், நடந்து புண்பட்ட யோசேப்பின் பாதங்களை மரியா கழுவும் காட்சி ஒன்று அதில் இருக்கிறது.