வெற்றி யாருக்குரியது?

1958ஆம் ஆண்டு மே மாதம் 19ஆந் திகதி நியூயோர்க் நகரின் கார்னேகி மண்டபத்தில் ஓர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. டெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்தவரும் அப்போது இருபத்துமூன்று வயதினருமான வான் கிளைபேர்ன் விருந்துக் கலைஞராகப் பியானோ வாசித்தார். சோவியத் நாட்டிலிருந்து வந்த கிரில் கொண்ட்றாஷின் வாத்தியக் குழுவை நெறிப்படுத்தினார். சைக்கோவ்ஸ்கியின் முதலாவது பியானோ கொன்சேட்டோவும் ரக்மனினோவின் மூன்றாவது பியானோ கொன்சேட்டோவும் நிகழ்ச்சியின் முதன்மையான உருப்படிகள். தனிக்கலைஞர் ஒருவரும் வாத்தியக் குழுவும் எதிரெதிர் நின்றும் இணைந்தும் வளர்த்துச் செல்லும் இசையுருவமே கொன்சேட்டோ ஆகும்.

இந்நிகழ்ச்சிக்கு ஒரு மாதத்திற்கு முன்னர் மொஸ்கோவில் நடைபெற்ற முதலாவது சர்வதேச சைக்கோவ்ஸ்கி போட்டியிற் கிளைபேர்ன் முதற்பரிசு பெற்றிருந்தார். ஸ்பூட்னிக் விண்ணில் ஏவப்பட்டு ஓராண்டு நிறையாத காலம் அது. அமெரிக்கப் பத்திரிகைகள் இசைப் பரிசைப் போர்வெற்றியாகவே கொண்டாடின. 'டைம்' சஞ்சிகை ரஷ்யாவை வென்றவராக அவரை அட்டையிற் காட்டியது. நிகழ்ச்சியின் மறுநாள், வழக்கமாகப் போர்த் தளபதிகளுக்கும் விமானிகளுக்கும் உரிய வரவேற்பு ஊர்வலம், காகிதத் துணுக்குகள் மழையெனச் சொரிய, அவருக்கு அளிக்கப்பட்டது. இந்த ஆரவாரத்தினிடையே எழுப்பப்படாது போன வினாவொன்றை நாம் எழுப்ப விரும்புகின்றோம்: அன்று மேடையில் ஒலித்த இசை யாருடைய உழைப்பின் விளைவு? அதன் வெற்றி யாருக்குரியது?

முதலில் இசையையே நோக்குவோம். சைக்கோவ்ஸ்கி தம் கொன்சேட்டோவை 1874ஆம் ஆண்டின் இறுதியில் நிக்கொலாய் ரூபின்ஸ்ரைனுக்கு வாசித்துக் காட்டியபோது கடுங்கண்டனமே கிடைத்தது. எனவே அப்படைப்பு ரஷ்யாவிலன்றி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், 1875 ஒக்டோபரில், ஜேர்மானியரான ஹான்ஸ் பொன் பியூலோவின் கைகளால் அரங்கேறியது. ரக்மனினோவின் மூன்றாவது கொன்சேட்டோவும் 1909இல் நியூயோர்க்கிலேயே முதன்முதல் ஒலித்தது. கிளைபேர்னுக்குப் பியானோ பயிற்றிய ரொசீனா லெவின் அம்மையார் மொஸ்கோ இசைக்கல்லூரியின் தங்கப்பதக்கம் பெற்றவர். இவ்வாறு பல தேயத்தார் கைகளிலே வளர்ந்த கலையில் ஒரு தேசம் மற்றொரு தேசத்தை 'வென்றது' என்பது வரலாற்றைத் திரிப்பதாகும்.

அதனினும் ஆழமான உண்மை ஒன்றுண்டு. சைக்கோவ்ஸ்கியின் முதற் பகுதியில் வேகம் கொள்ளும் கருப்பொருள், உக்ரேனின் கமென்கா என்னும் ஊரிலே கண்பார்வையற்ற இரவலர் பாடக் கேட்ட மெட்டிலிருந்து பிறந்தது. இறுதிப் பகுதியும் உக்ரேனிய நாட்டுப் பாடலொன்றின் துள்ளலையே ஆதாரமாகக் கொண்டது. சீமான்களின் மண்டபங்களில் முழங்கிய இசையின் வேர் சந்தைத் தெருவிலே பாடியவர்களின் குரலில் இருக்கின்றது. அவர்களின் பெயரை அறிந்தார் இலர்.

இனி உருவத்தை நோக்குவோம். கொன்சேட்டோவின் தொடக்கத்திலே கொம்பு வாத்தியங்கள் கட்டியங்கூற, பியானோ பேரொலியுடன் அடுக்கடுக்காகச் சுரக்கூட்டுகளை எழுப்புகின்றது. தனிக்கலைஞரின் ஆற்றலுக்கு எடுத்துக்காட்டாக இவ்விடத்தையே யாவரும் கூறுவர். ஆயின் செவிகொடுத்துக் கேட்பின், அங்கு மெட்டைப் பாடுவோர் வயலின்காரரும் செல்லோக்காரருமே; பியானோ அவர்களுக்குப் பக்கவாத்தியமாய் நிற்கின்றது. ரக்மனினோவின் முதற் பகுதியிலும் இதனைக் காணலாம். தனிக்கலைஞர் குழுவின் துணையின்றி வாசிக்கும் நெடிய பகுதியின் நடுவே புல்லாங்குழலும் ஓபோவும் கிளாரினெட்டும் கொம்பும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து மெட்டை ஏற்கின்றன. பியானோ அவற்றைத் தாங்கி நிற்கின்றது. தனிமனிதனின் உணர்ச்சிப் பெருக்கையே போற்றியதாகக் கூறப்படும் ரொமான்டிசிச இசையில், தனிக்குரல் கூட்டுக்குரலோடு சேர்ந்தே நிறைவு பெறுகின்றது.

அக்கூட்டுக்குரலுக்குரியோர் யாவர்? அன்று வாசித்தது 'சிம்பனி ஒப் த எயர்' என்னும் குழு. டொஸ்கனினி நெறிப்படுத்திய காலத்தில் அது என்.பி.சி. வானொலி நிறுவனத்தின் குழுவாக இருந்தது. 1954இல் அம்முதியவர் ஓய்வுபெற்றதும், நிறுவனம் குழுவையே கலைத்துவிட்டது. கலைஞர்களோ கலைந்துபோக மறுத்துத் தாமே அமைப்பொன்றை நிறுவினர். அவ்வாண்டு ஒக்டோபரில் நெறியாளர் மேடையை வெறிதாக விட்டு, ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு, இதே கார்னேகி மண்டபத்தில் வாசித்தனர். கூட்டுழைப்பின் மாண்புக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? 1956இல் அவர்களுட் சிலர் கம்யூனிச அனுதாபிகள் என்ற குற்றச்சாட்டு எழ, அரசாங்க ஆதரவில் நடைபெறவிருந்த அவர்களது வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் இரத்தாயிற்று. அந்தக் கலைஞர்களே ஈராண்டின் பின் சோவியத் நெறியாளரின் கீழ் அமர்ந்து தேசத்தின் 'வெற்றி'க்கு ஒலி வழங்கினர். ஊர்வலத்தில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. 1963இல் குழு மறைந்தது.

ஒரு பக்கத்தை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. அன்றைய நிகழ்ச்சியில் இடம்பெற்ற 'கிளாசிக்கல் சிம்பனி'யை ஆக்கிய புறொக்கோபியேவ், 1948இல் உருவவாதி எனச் சோவியத் கட்சித் தீர்மானத்தாற் கண்டிக்கப்பட்டவர். அக்கண்டனம் தவறென ஒப்புக்கொள்ளும் தீர்மானம், நிகழ்ச்சி முடிந்து ஒன்பதாம் நாளிலேயே வெளிவந்தது. புறொக்கோபியேவோ 1953இலேயே இறந்துவிட்டார். கொண்ட்றாஷினும் 1978இல் நெதர்லாந்தில் இருந்தபோது தாயகம் திரும்பாது தங்கிவிட்டார். மக்களின் பெயரால் ஆளும் அரசும் கலைஞனுக்குக் கட்டளையிடத் தொடங்கின், கலை வாடும்.

கிளைபேர்னின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அன்று பதிவான ரக்மனினோவ் இசைத்தட்டைக் கேட்போர் அவரது சிறப்பை உணர்வர். விரைவைக் காட்டிக் கைதட்டல் பெறும் அவா அங்கு இல்லை. அகன்ற நடையும் குரலிசை போன்ற நீண்ட மூச்சும் உள்ளன. குழுவினர் பாடுதற்கு இடம் விட்டு வாசிக்கும் பண்பும் உண்டு. ஆனால் சந்தை அவரிடம் வேண்டியது வளர்ச்சியையன்று. அதே வெற்றியை மீண்டும் மீண்டும் வேண்டியது. அதே மாத இறுதியில் அவர் பதிவு செய்த சைக்கோவ்ஸ்கி இசைத்தட்டு பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. ஆண்டுதோறும் அதே கொன்சேட்டோக்களை எதிர்பார்த்தனர் இரசிகர். 1978இல் அவர் மேடையைவிட்டே விலகினார். 1987இல் வெள்ளை மாளிகையில் றேகன், கொர்பச்சேவ் முன்னிலையிலேதான் மீண்டும் வாசித்தார். ஒருவரைச் சிலையாக்கும் சமுதாயம் சிலைக்கு வளரும் உரிமையை மறுக்கின்றது.

ஆசிரியர்களும் மாணவர்களும் மேனாட்டிசையை மேட்டுக்குடியின் சொத்தென ஒதுக்குதலும், மேதைகளின் அற்புதமென வியந்து மயங்குதலும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இசைத்தட்டின் உறையிற் பொறித்த பெயரைக் கடந்து, வயலின் வரிசையில் அமர்ந்தோரையும், கமென்காவின் இரவலரையும் கேட்கும் செவியை நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும். கார்னேகி மண்டபத்து வெற்றி அவர்களுக்கும் உரியது.