பதினாறு ஜிபி போனுக்கு இன்னும் ஆயுசு இருக்கு

ரெட்மி 5ஏ 2017 நவம்பரில் வெளிவந்தபோது அதன் தொடக்க விலை 4,999 ரூபாய். இரண்டு ஜிபி ரேம், பதினாறு ஜிபி சேமிப்பு. உளுந்தூர்பேட்டை சந்தையிலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து வாசலிலும் சட்டைப்பையில் இந்தப் போனோடு நிற்பவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். பேட்டரி தாங்குகிறது, திரை உடையவில்லை, பேச்சு தெளிவாகக் கேட்கிறது. ஒரே குறை, ‘ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது’ என்று ஓயாமல் வந்து நிற்கும் எச்சரிக்கை. கடைக்காரர் புதுப் போன் வாங்கச் சொல்லியிருக்கிறார். வாங்கத் தேவையில்லை என்பது என் கட்சி. சித்தப்பாவின் போனை வாங்கிவைத்துக்கொண்டு, இடம் காலிசெய்யும் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன்.

இடம் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டோ எடுக்க முடியாமல் போவது சின்ன விஷயம். உள்சேமிப்பு அடியோடு தீர்ந்துவிட்டால் வரும் எஸ்எம்எஸ்ஸை வைக்கக்கூட ஆண்ட்ராய்டுக்கு இடம் இருக்காது. வங்கி ஓடிபியும் பிஎம் கிசான் கேஒய்சி ஓடிபியும் வராமல் போனால், ‘டவர் இல்லை’ என்று நினைத்து மொட்டைமாடிக்கு ஏறுகிறோம். பல நேரங்களில் கோளாறு டவரில் இல்லை, போனுக்குள்ளேயே இருக்கிறது.

பதினாறு ஜிபி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் அத்தனையும் நம் கைக்கு வராது. ஆண்ட்ராய்டும் அதன்மேல் ஷாவ்மி போர்த்தியிருக்கும் மியூஐயும் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியில் பாதிக்கு மேல் சித்தப்பா போனில் வாட்ஸ்அப்பிடம் இருந்தது. கேலரியைத் திறந்தால் செவ்வாய்க்கு முருகன், வெள்ளிக்கு அம்மன், சனிக்குப் பெருமாள், எல்லாப் படத்தின் அடியிலும் ‘இனிய காலை வணக்கம்’. சொந்தக்காரர்கள் குரூப் மூன்றிலும் ஒரே படம் வந்தால் மூன்று முறை இறங்கியிருக்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் இந்தியர்களின் காலை வணக்கப் படங்களைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டது. இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் மூவரில் ஒருவருக்குத் தினமும் இடம் தீர்ந்துபோகிறது, அமெரிக்காவில் இது பத்தில் ஒருவர்தான் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் சொன்ன கணக்கும் அதில் இருந்தது. அதற்கு முந்தைய மாதம் கூகுள் வெளியிட்ட ‘ஃபைல்ஸ் கோ’ செயலி இந்தச் சிக்கலை மனத்தில் வைத்து உருவானது. இப்போது அதன் பெயர் ‘ஃபைல்ஸ் பை கூகுள்’.

அந்தச் செயலியைத்தான் முதலில் போட்டேன். சின்ன செயலி, பழைய போனிலும் திணறாமல் ஓடுகிறது. ‘க்ளீன்’ பகுதியில் ஒரே மாதிரியான கோப்புகள், பெரிய கோப்புகள், மீம்கள், பயன்படுத்தாத செயலிகள் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். இரட்டைப் படங்களைப் பிடிப்பதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. மீம் பகுதியில் மட்டும் நிதானம் வேண்டும். எழுத்துள்ள படம் எதுவும் அந்தக் கூட்டத்தில் சேரக்கூடும். ஆலையிலிருந்து வரும் கரும்பு வெட்டு உத்தரவும் எழுத்துள்ள படம்தான். மொத்தமாக டிக் போடாமல் கண்ணால் பார்த்துப் பார்த்து அழியுங்கள்.

நான் போனைக் கையில் எடுத்ததுமே சித்தப்பா சொன்னது இதுதான்: “எல்லாத்தையும் அழிச்சிடாதப்பா, அதுலதான் பட்டா போட்டோ இருக்கு.” பட்டா, சிட்டா, அடங்கல், பேத்தியின் மார்க் ஷீட் என எல்லாமே யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. அவற்றை முதலில் தனி ஃபோல்டரில் போட்டு, அதை மெமரி கார்டுக்கு மாற்றிய பிறகே மற்ற வேலையைத் தொடங்கினேன். நீங்களும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அதிக இடத்தை மீட்டுக்கொடுத்தது வாட்ஸ்அப்புக்குள்ளேயே இருக்கும் கருவி. செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’. 2020 நவம்பரில் வந்த இந்த வசதியைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம். ‘பலமுறை ஃபார்வர்டு ஆனவை’, ‘5 எம்பிக்கு மேற்பட்டவை’ என்று இரண்டு குவியல்கள் மேலேயே தெரியும். முதல் குவியலைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். இரண்டாவதில் கூவாகம் திருவிழா வீடியோவும் கல்யாண வீடியோவும் கலந்துகிடந்தன. வேண்டியதை மட்டும் கார்டுக்கு மாற்றினோம். கீழே எந்த குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியலும் உண்டு. அதைப் பார்த்த பிறகு சித்தப்பாவே இரண்டு குரூப்பை விட்டு விலகினார்.

இன்னும் இரண்டு இடங்கள் பலர் கண்ணுக்குத் தப்பும். நாம் அனுப்பும் படங்களின் நகல் வாட்ஸ்அப் இமேஜஸ் ஃபோல்டருக்குள் ‘சென்ட்’ என்ற பெயரில் தனியாகச் சேரும். ‘டேட்டாபேஸஸ்’ ஃபோல்டரிலோ கடந்த ஏழு நாள் வரையிலான அரட்டை பேக்கப்புகள் இருக்கும். முதலாவதை அழிக்கலாம். இரண்டாவதில் புதிய கோப்பை விட்டுவிட்டு, தேதி போட்ட பழையவற்றை மட்டும் நீக்கலாம். போன் செட்டிங்ஸில் வாட்ஸ்அப்புக்கு எதிரே இருக்கும் ‘க்ளியர் டேட்டா’வை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அரட்டை முழுவதும் போய்விடும். ‘க்ளியர் கேஷ்’ தொல்லை தராது, ஆனால் அதில் மீளும் இடம் சில நாளில் மறுபடி நிரம்பும்.

அழித்தும் இடம் கூடவில்லையே என்று திகைக்க வேண்டாம். ஃபைல்ஸ் செயலியிலும் கூகுள் போட்டோஸிலும் ‘ட்ராஷ்’ உண்டு, அதையும் காலிசெய்ய வேண்டும். போட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் 60 நாள் வரை அங்கேயே கிடக்கும். எல்லாப் படத்தையும் கூகுளில் ஏற்றிவிட்டுப் போனில் அழிக்கலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல்: கணக்கில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஜிமெயிலையும் சேர்த்து 15 ஜிபிதான். கல்வராயன் மலைக் கிராமங்களைப் போல சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவர்களுக்கு அந்த வழி அவ்வளவாக உதவாது.

அவர்களுக்கு மெமரி கார்டுதான் துணை. ரெட்மி 5ஏயில் இரண்டு சிம்மோடு கார்டுக்கும் தனி இடம் இருப்பது பெரிய வசதி. கேமரா செட்டிங்கில் படங்களை கார்டில் சேமிக்கச் சொல்லிவிட்டால் உள்சேமிப்பு தப்பிக்கும். பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். அட்டையில் 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாத போலிகள் சந்தையில் உண்டு.

‘ஒரே தட்டில் சுத்தம்’ என்று விளம்பரம் செய்யும் மற்ற க்ளீனர் செயலிகளைப் போட வேண்டாம். அவையே இடம் பிடிக்கும், விளம்பரமும் காட்டும். 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் க்ளீன் மாஸ்டரும் டியூ க்ளீனரும் இருந்தன.

என் தீர்ப்பு: இடத்தை மீட்பதில் முதலிடம் வாட்ஸ்அப்பின் சொந்தக் கருவிக்கு, இரட்டைப் படங்களைத் தேடுவதற்கு ஃபைல்ஸ் பை கூகுள், இரண்டோடும் ஒரு நல்ல மெமரி கார்டு. வேலை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் ‘மீடியா ஆட்டோ டவுன்லோட்’ அத்தனையையும் அணைத்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனை இந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் பாருங்கள். பக்கத்தில் அவர்களையும் உட்காரவைத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு அழியுங்கள்.