தெரிந்து தெளியும் கருந்திரை

ரப்பர்த் தோட்டங்களால் பெயர்பெற்ற, மலேசியாவின் கூலிம் நகரில், 1996-ஆம் ஆண்டு உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது முதல், கணினியோடு ஜீவனம் செய்வோர் பெருகினர். அவர்களுள் ஒருவர் லினக்ஸில் எக்ஸ்3270 என்னும் முனையச் செயலியைத் திறந்து, பெருங்கணினியின் பெயருக்கு முன் 'எல்:' என்று சேர்த்து அழைத்தால், அக்கணமே திரைக்குப் பின்னே ஒரு சூக்ஷ்மமான பரிசோதனை நிகழ்கிறது. எதிர்முனை நீட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழின் பெயரையும் காலவரம்பையும் கையொப்பத்தையும், தான் நம்பும் மூலச் சான்றுகளோடு ஒப்புநோக்கித் திருப்தியுற்ற பின்னரே, செயலி உரையாடச் சம்மதிக்கிறது. நிறுவனமே ஒப்பமிட்ட சான்றாயின், அதன் மூலச் சான்றைக் கோப்பாக வைத்து, 'சிஏஃபைல்' என்னும் தேர்வினால் முறையாக அறிமுகம் செய்தல் வேண்டும். சோதனையையே நிறுத்திவிடுவது சுலபமாயினும் உசிதமன்று. தெரிந்துதெளிதல் என வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த நீதியை, கணித சாஸ்திரம் இத்துணை சிரத்தையோடு காத்து நிற்பதை வியவாதிருத்தல் இயலுமோ?