தல ஏன் வாலில் வந்தார்?

சென்னையில் ஏழரைக்கு மேட்ச் என்றால் நமக்கு இங்கே பத்து மணி. 2025 மார்ச் 28, வெள்ளி இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆறு பேர், நடுவில் டம்ளரில் சாய்த்து வைத்த ஒரு போன். பெங்களூருக்கு எதிராக 197 எடுக்கணும். ஆறாவது விக்கெட் விழுந்தபோதும் தோனி வரவில்லை, அஸ்வின் வந்தார். ஒன்பதாவது ஆளாகத்தான் தல இறங்கினார். 16 பந்தில் 30, நாட் அவுட். சென்னை 50 ரன்னில் தோற்றது.

எம்ஆர்டி போய்விட்டது, சண்டை முடியவில்லை. "மேல இறங்கியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்டா" என்று ஒரு கட்சி. "முடியலைன்னா வீட்ல இருக்கட்டும், தலை இருக்க வால் ஆடலாமா?" என்று இன்னொரு கட்சி. மேலே இறங்கணும் என்று அதிகம் கத்தியவன் நான்தான். அதனால் இது என்மீதான விமர்சனமும்கூட.

இரண்டு கட்சியும் பேசியது மனசைப் பற்றி. ஒருத்தருக்கு அது தியாகம், இன்னொருத்தருக்குப் பதவி ஆசை. முட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் இலக்கிய விமர்சனத்திலும் இந்தப் பழக்கம் உண்டு. நாவல் எங்கே நொண்டுகிறது என்று பார்க்காமல், எழுதியவர் நல்லவரா கெட்டவரா என்று விடிய விடியப் பேசுவோம்.

முட்டிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2023 சீசன் முழுக்க இடது முட்டி வலியோடு ஆடினார். கோப்பை வாங்கிய சில நாளிலேயே, ஜூனில், அறுவை சிகிச்சை. பெங்களூர் மேட்சுக்கு இரண்டு நாள் கழித்து குவாஹாட்டியில் கோச் ஃபிளெமிங் வெளிப்படையாகவே சொன்னார்: முட்டி பழைய மாதிரி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முடியாது, அன்றன்றைக்கு எவ்வளவு முடியும் என்று அவரே கணிக்கிறார்.

நான் படித்தது இன்ஜினியரிங். ஒரு உத்தரத்தில் விரிசல் தெரிந்தால் அது தாங்கும் சுமை எவ்வளவு என்றுதான் முதலில் கேட்போம். தோனி பேட் பிடிப்பதற்கு முன்பே கீப்பராக 120 பந்துக்கு உட்கார்ந்து எழுகிறார். கை இன்னும் மின்னல். அதே இரவில்தான் சால்ட்டை ஸ்டம்பிங் செய்தார். ஆனால் முட்டியின் கணக்கில் பாதி அங்கேயே செலவாகிவிடுகிறது. மிச்சத்தை ரன் ஓடிக் கரைப்பதா, கடைசியில் சிக்ஸருக்கு வைத்துக்கொள்வதா? ஏப்ரல் 5, டெல்லிக்கு எதிராக, பதினோராவது ஓவரிலேயே வந்தார்: 26 பந்தில் 30, தோல்வி. ஏப்ரல் 14, லக்னோவில் கடைசி ஓவர்களுக்கு வந்தார்: 11 பந்தில் 26, வெற்றி. இரண்டு மேட்ச் நிரூபணம் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோச்சின் கணக்கு கோழைத்தனம் இல்லை என்று சொல்ல இது போதும்.

தப்பு வேறு இடத்தில். ஒரு உத்தரம் குறைவாகத்தான் தாங்கும் என்று தெரிந்தால் மற்றதைப் பலமாகக் கட்டணும். அந்த வருடம் அது நடக்கவில்லை. முழங்கை முறிந்து ருதுராஜ் விலகியதும் கேப்டன் பொறுப்பும் அதே உத்தரத்தின் மேல் ஏறியது. ஏப்ரல் 11, சேப்பாக்கத்தில் 103 ரன். சீசன் முடிவில் 14 மேட்ச்சில் 4 வெற்றி, முதல் முறையாகக் கடைசி இடம்.

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. அடுத்து தோனி என்றால், சொந்த அணி விக்கெட் விழுந்ததற்கே கைதட்டுகிற கூட்டம் நாம். தான் மேலே இறங்கினால் ரசிகர்கள் தன் விக்கெட்டுக்காகக் காத்திருப்பார்கள் என்று 2023இல் ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னார். அது முழுக்க ஜோக் இல்லை. ஆறு சிக்ஸரும் வேணும், வலியும் கண்ணில் படக்கூடாது என்பதுதான் நம் ஆசை.

அன்று மேசையில் புதுக்கோட்டைக்கார அண்ணன் ஒருத்தர் இருந்தார். கட்டட வேலை. கடைசி வரை வாயே திறக்கவில்லை. எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். "என்னண்ணே?" என்றேன். "அதே இடது முட்டிதான் தம்பி" என்று சிரித்தார். கூட வேலை பார்க்கும் பையன்கள் அவரைச் சாரத்தில் ஏற விடுவதில்லையாம். கீழே கம்பி கட்டுகிற வேலையை அவருக்கு விட்டுவிட்டு, மேல் வேலையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

"சூப்பர்வைசருக்குத் தெரியுமா?"

"சொன்னா ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னா? எனக்கு எந்த கோச்சு வந்து பேசுவாரு?"

சிராங்கூன் ரோடு வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அவர் நடைக்கு என் நடையைக் குறைத்துக்கொண்டேன். மேலே இறங்கணும் என்று அதற்குப் பிறகு நான் எங்கேயும் சொல்லவில்லை.