மணி ஒன்றரைக்குப் பிறகு

மலையகக் கல்வியைப் பற்றி எழுத வருகிற எவரும் ஏஞ்சலா லிட்டிலின் ‘லேபரிங் டு லேர்ன்’ (1999) நூலைத் தாண்டிப் போக முடியாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1976இல் ‘டிப்ளோமா டிசீஸ்’ எழுதி, சான்றிதழ் மோகத்துக்கு இலங்கையையும் உதாரணம் காட்டிய ரொனால்ட் டோரின் வழியில் ஆய்வுக்கு வந்தவர். பிள்ளைகள் எதற்காகப் படிக்கிறார்கள் என்று கேட்டுத் தொடங்கிய அவருடைய ஆய்வு, தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது அவர்களைப் படிக்க விட்டார்களா என்ற கேள்வியாக மாறியது.

அந்த மாற்றம்தான் நூலின் பலம். “தோட்டத்துச் சனத்துக்குப் படிப்பில் அக்கறையில்லை” என்பது துரைமார் காலத்துப் பேச்சு. இன்றும் கல்வி அலுவலகங்களில் அது செத்துவிடவில்லை. லிட்டில் அதைப் புள்ளிவிபரத்தாலும் வரலாற்றாலும் உடைக்கிறார். 1945இன் இலவசக் கல்வி தோட்டப் பள்ளிகளை எட்டவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தது, அதனால் வாக்கும் போனது. வாக்கில்லாதவனின் பள்ளிக்கூடத்தை எந்த மந்திரி திரும்பிப் பார்ப்பார்? 1977க்குப் பிறகு பள்ளிகள் அரசின் கைக்கு வந்ததையும், 1978இல் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் அமைச்சரானதையும், தோட்டக் கல்விக்கு வந்த சுவீடன் உதவியையும் சேர்த்துப் படித்தால் முன்னேற்றத்தின் காரணம் விளங்கும். பெற்றோரின் மனம் ஒரே இரவில் மாறிவிடவில்லை, அரசியல் மாறியது.

ஆனால் லிட்டிலின் அளவுகோல் பாடசாலை வாசலோடு நின்றுவிடுகிறது. பதுளைப் பக்கத்து நமுனுகுலத் தோட்டங்களில் ஒன்றரைக்குப் பாடசாலை விடும். அம்மா மலையிலிருந்து இறங்க அந்தியாகும். கைக்குழந்தைக்குப் பிள்ளைக்காம்பரா என்ற தோட்டத்துக் காப்பகம் உண்டு, எட்டு வயதுப் பிள்ளைக்கு? லயத்து ஒற்றை அறைதான். டியூசன் வேண்டுமென்றால் பசறைக்கோ பதுளைக்கோ போக வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குத் தம்பியை அனுப்புவதா, சாதாரண தரத்துக்கு அக்காவை அனுப்புவதா என்று பேர்க்காசில், அதாவது நாட்சம்பளத்தில், கணக்குப் பார்க்க வேண்டும். பரீட்சைப் போட்டி உண்மையில் நடப்பது இந்த நேரத்தில். 1999இல் எழுதிய நூலிடம் இதைக் கேட்பது அநியாயம் என்பார்கள். பரீட்சை மோகத்தை அத்தனை ஆண்டு ஆராய்ந்தவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

அதற்காக மாலை வகுப்பு எதுவாயினும் நல்லது என்று சொல்லவும் மாட்டேன். டர்லாக், வைஸ்பெர்க், பச்சான் என்ற ஆய்வாளர் மூவரும் 2010இல் சுமார் எழுபது மாலை நேரத் திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். எந்தத் திறனை வளர்க்கிறோம் என்று தெளிந்து, அதற்கு நேரம் ஒதுக்கி, படிப்படியாகச் செய்துபார்க்க வைத்த திட்டங்களே பலன் தந்தன. அப்படிச் செய்யாதவற்றில் சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. தன்னார்வ நிறுவனங்கள் தோட்டங்களில் திறப்புவிழா நடத்தும் நிலையங்கள் பலவற்றை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்க எனக்கு ஆசை.

என் தீர்ப்பு இது: தோட்டப் பிள்ளை பள்ளிக்கு ஏன் பிந்தி வந்தது என்பதற்கு லிட்டிலின் விடையை யாரும் இன்னும் மிஞ்சவில்லை. பள்ளிக்கு வந்த பிறகும் ஏன் பின்தங்குகிறது என்பதற்கு அந்த நூல் போதாது. அடுத்து வரும் ஆய்வாளர் வரவுப் பதிவேட்டை மூடிவிட்டு இரண்டு மணிக்கு லயத்துக்குப் போகட்டும். யார் கூட இருக்கிறார்கள், கணக்குப் புரியாவிட்டால் யாரிடம் கேட்கிறார்கள், டியூசன் எந்த மாதத்தில் நின்றது, முதலில் நின்றது தம்பிக்கா அக்காவுக்கா என்று எழுதி எடுக்கட்டும்.